எதிரே நின்று ஆடியவர்

வேலைக்காக ஆறு மாதம் ஓசாகாவில் இருந்தேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர் ஒருவர் தன்னால் போக முடியாத ஒரு டிக்கெட்டை என் கையில் திணித்துவிட, கெய்ஹான் ரயிலைப் பிடித்து கியோட்டோவில் கியோன்-ஷிஜோ ஸ்டேஷனில் இறங்கினேன். என்ன பார்க்கப் போகிறேன் என்பதே சரியாகத் தெரியாது. விருந்துகளில் ஆடிப் பாடும் கெய்ஷாக்கள் ஆடுவார்கள், செர்ரி பூத்திருக்கும், நாலு படம் எடுத்து வீட்டு வாட்ஸாப் குழுவில் போடலாம், இவ்வளவுதான் திட்டம். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பது வாசலிலேயே தெரிந்துபோனது.

முதலில் ஓர் அறையில் உட்காரவைத்துப் பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் கொடுத்தார்கள். இனிப்பு வைத்திருந்த குட்டித் தட்டை நாமே எடுத்துப் போகலாமாம். உருண்டைகளைக் கோத்து மாலையாகக் கட்டினாற்போல் அதில் ஒரு சித்திரம். அந்தத் தெருவின் லாந்தர் விளக்குகளிலும் அதே உருண்டைகள்தான். தட்டு இப்போது எங்கள் வீட்டில் சாவி போட்டுவைக்க உதவுகிறது.

அரங்கில் விளக்கணைந்ததும் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் 'மியாகோ ஒடோரி வா...' என்று நீட்டி இழுத்தது. 'யோய்யாஸா!' என்று கூட்டமாகப் பதில் வந்தது. சட்டென்று வெளிச்சம். பின்னால் வெள்ளிநிறத் தள்ளுகதவுகள், இரண்டு பக்கச் சுவரை ஒட்டிய நடைமேடைகளிலும் நீலக் கிமோனோவில் வரிசை வரிசையாகப் பெண்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் திரை விழவே இல்லை. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனி என்று எட்டுக் காட்சிகள், கடைசியில் மறுபடி செர்ரி.

அழகாக இருந்தது. ஆனால் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. சிரிப்பு மட்டுமா, கோபம், வெட்கம், ஏக்கம், ஒன்றுமே இல்லை. ஒரு நாளைக்குப் பல காட்சி ஆடி அலுத்துவிட்டார்கள் போல, பாவம் என்று நினைத்தேன். முகபாவம் இல்லாத நாட்டியம் என்ற ஒன்று இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் துண்டுப்பிரசுரத்தைப் புரட்டினால், நடன அமைப்பு ஐந்தாம் இனோவே யாச்சியோ என்று இருந்தது. ஐந்தாவது என்றால் நான்காவது யார்? அந்தக் கேள்வி என்னை ஒன்றரை வருடம் விடவில்லை.

சரி, வரிசையாகச் சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியோட்டோவில் இனோவே சாத்தோ என்றொரு பெண் (1767–1854) கொனோயே என்ற பெரிய அரசவைக் குடும்பத்தில் பணியில் இருந்தார். அங்கே கற்ற ஆட்டத்தை வைத்துத் தனக்கென்று ஒரு வழியை உண்டாக்கினார். யாச்சியோ என்றால் எட்டாயிரம் தலைமுறை. அவர் அந்த வீட்டைவிட்டு வரும்போது, எட்டாயிரம் தலைமுறைக்கும் உன்னை மறக்கமாட்டோம் என்று சொல்லி அந்தப் பெயரைத் தந்தார்கள் என்பது கதை. அந்தப் பெயரை அடுத்துச் சுமந்த இரண்டாமவர் அவருடைய அண்ணன்-தம்பி வகையில் வந்த பெண், ஆயா. அவர் காலத்தில் பொம்மலாட்டத்தின் அசைவுகளும் முகமூடி அணிந்து ஆடும் பழைய நோ நாடகத்தின் அடக்கமும் இந்த ஆட்டத்துக்குள் வந்தன. ஆடும் பெண்ணுக்குப் பொம்மையின் உடம்பு, நோ முகமூடியின் முகம். நான் அலுப்பு என்று நினைத்தது இதைத்தான்!

மூன்றாமவர் கதயாமா ஹாருகோ. 1838-இல் பிறந்து 1938-இல் இறந்தார். ஜப்பானியப் பழைய கணக்கில் 101 வயது. நோ நடிகர் குடும்பமான கதயாமா வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்துவிட, ஆயிரம் வருடத் தலைநகரமான கியோட்டோ களையிழந்து கிடந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த 1872-இல் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். வருகிறவர்களுக்கு வேடிக்கை வேண்டுமே என்று மகிமுரா மசனாவோ என்ற அதிகாரியும், இச்சிரிகி தேநீர்விடுதியின் உரிமையாளர் சுகியுரா ஜிரோஎமோனும் யோசித்தார்கள். அதுவரை கியோன் பேட்டையின் கெய்ஷாப் பெண்கள் பாய் விரித்த அறைகளில், பத்துப்பேர் பார்க்க, ஒருவராகவோ இருவராகவோ ஆடுவதுதான் வழக்கம். இசே ஊரில் நடந்த ஒரு கூட்டு ஆட்டத்தை மாதிரியாக வைத்து, அத்தனைப் பேரையும் ஒரே மேடையில் வரிசையாக நிறுத்தி ஆடவைத்தார் ஹாருகோ. அப்போது அவருக்கு 34 வயது. அதுதான் மியாகோ ஒடோரி; நான் பார்த்தது அதன் இன்றைய பதிப்பு. அன்றிலிருந்து கியோன் கோபு என்ற அந்தப் பேட்டையில் இனோவே வழியைத் தவிர வேறு ஆட்டம் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் பொந்தோச்சோவில் வேறு வழி, கொஞ்சம் தள்ளி மியாகவாச்சோவில் இன்னொன்று. ஆனால் இந்தத் தெருக்களில் இது மட்டும்தான். ஆடுகிறவர்களும் பெண்கள் மட்டுமே.

இப்போது நம் ஆளுக்கு, அந்த நான்காமவருக்கு, வருவோம்.

1905 மே மாதம் கியோட்டோவில் ஒகமோத்தோ ஐகோ பிறந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே ஹாருகோவிடம் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார். அப்போது ஹாருகோவுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். பிறகு அந்த வீட்டிலேயே தங்கிக் கற்கும் சிஷ்யையானார். தங்கிக் கற்பது என்றால் ஆட்டம் கற்பது அதில் கால்வாசி. மீதியெல்லாம் வீட்டுவேலை, எடுபிடி, மற்றவர்கள் பாடம் நடக்கும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்து கண்ணால் திருடிக்கொள்வது. நம் குருகுலக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனோவே வீட்டுப் பாடத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு 'ஹிதாரி-கெய்கோ' என்று பெயர், இடதுப் பயிற்சி. ஆசிரியை மாணவிக்கு நேர் எதிரே நின்று ஆடுவார். மாணவி வலக்கையில் விசிறியைத் தூக்க வேண்டிய இடத்தில் ஆசிரியை இடக்கையால் தூக்குவார். மாணவி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இவர் வலப்பக்கம் திரும்புவார். அதாவது ஆசிரியையே கண்ணாடி. முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நின்று ஆடினால் தனக்கும் சுலபம், மாணவிக்கும் குழப்பமில்லை. ஆனால் அப்படிச் செய்தால் மாணவியின் முழங்காலும் கண்ணும் தெரியாதே.

என் மகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தபோது நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் கட்டிக் காட்டினேன். நான் என் பழக்கப்படியே கட்டினேன், அவள் பார்த்தபடியே கட்டினாள், இன்றுவரை அவள் முடிச்சு தலைகீழாகத்தான் விழுகிறது, பாதி நாள் பள்ளிக்கூட வாசலிலேயே அவிழ்ந்துவிடும். ஒரு முடிச்சுக்கே இப்படி என்றால், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை, விரல்நுனி வரை திட்டமிட்ட அசைவுகளை, ஒரு தரம் நேராகவும் ஒரு தரம் திருப்பியும் உடம்பில் வைத்திருப்பதை யோசித்துப் பாருங்கள். மேடை ஏறும்போது நேர் ஆட்டம், மறுநாள் காலை பாடத்தில் திருப்பிய ஆட்டம். ஐகோ மிக இளம் வயதிலேயே கியோன் பெண்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். அதனால் வாழ்நாளில் அவர் நேராக ஆடியதைவிடத் திருப்பி ஆடியதுதான் அதிகம் இருக்கும் என்பது என் கணக்கு.

பாடத்தின் மற்ற சங்கதிகளும் சுவாரசியமானவை. இசைக்கருவி இல்லாத நேரத்தில் ஆசிரியை வாயாலேயே ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை வாசிப்பார், 'சின், டொன், ஷான்' என்று. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் பாட்டு 'கதோமாட்சு', புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் பைன் அலங்காரத்தைப் பற்றியது. அடிக்கடி காதில் விழும் கட்டளை, 'ஒய்தோவை இறக்கு'. ஒய்தோ என்பது கியோட்டோப் பெண்கள் பின்பக்கத்தை நாசூக்காகக் குறிக்கும் சொல். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, முதுகு மட்டும் நேராக; அரைமண்டியில் நின்றவர்களுக்குத் தொடைவலி உடனே ஞாபகம் வரும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே அந்த வலியின்மேல் நாலைந்து கிலோ கிமோனோவைப் போர்த்தி, அடியில் என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடுகிறார்கள். கால் தரையைவிட்டு எழும்புவதே அபூர்வம், வழுக்கிப் போகும். அதனால்தான் இதற்கு 'மாய்' என்று பெயர். துள்ளிக் குதித்து ஆடுவது 'ஒடோரி'. ஒரே ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தூசிகூடக் கிளம்பக் கூடாது என்பார்கள்.

அப்புறம் எல்லோரும் நடுங்கும் ஒரு சொல்: 'ஓத்தோமே'. நிறுத்து, போ என்று அர்த்தம். ஆசிரியை அதைச் சொல்லிவிட்டால் பாடம் அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எப்போது திரும்ப வரலாம் என்பது அவர் கையில். மன்னிப்புக் கேட்டு, பெரியவர்களை அழைத்துவந்து கேட்டு, அதன்பிறகுதான் மறுபடி சேர்ப்பார்கள். என்ன தப்பு என்று விளக்கம் வராது. இந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணை எல்லோர் முன்னாலும் அப்படி அனுப்புவதில் கலையைவிட அதிகாரம்தான் எனக்கு அதிகம் தெரிகிறது.

ஐகோ, ஹாருகோவின் பேரன் கதயாமா ஹிரோமிச்சியை மணந்தார். அவரும் நோ நடிகர். ஒரே வீட்டில் ஒரு பக்கம் ஆண்கள் நோ பாடுவார்கள், இன்னொரு பக்கம் பெண்கள் மாய் ஆடுவார்கள். குருவின் வீட்டுக்குச் சிஷ்யையாக வந்தவர், குருவின் பேரனுக்கே மனைவி. கல்யாணம் என்பது தவிர இதில் வேறு கணக்குகளும் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றலாம். இப்படிப்பட்ட குடும்பங்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

1938-இல் ஹாருகோ இறந்தபோது ஐகோவுக்கு 33 வயது. ஆனால் யாச்சியோ என்ற பெயர் உடனே அவருக்கு வரவில்லை. ஒன்பது வருடம் அந்தப் பெயர் காலியாகவே இருந்தது. அந்த ஒன்பது வருடத்துக்குள்தான் போர் வந்தது. 1944 மார்ச்சில் உயர்தரக் கேளிக்கை இடங்களை மூடச் சொல்லி அரசாணை, அந்த வருடம் மியாகோ ஒடோரி இல்லை. பெண்கள் கலைந்து எங்கெங்கோ போனார்கள். பட்டுக்கிமோனோ ஊதாரித்தனமாகப் பார்க்கப்பட்ட காலத்தில் விசிறியைப் பிடித்து யார் ஆடுவது?

1947-இல், தோற்றுப்போன நாட்டில், சோற்றுக்கே கூப்பன் வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், 42 வயதில் ஐகோ நான்காம் இனோவே யாச்சியோ ஆனார். எனக்கு இந்த இடம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிதாகத் தெரிகிறது. பின்னால் வந்த பட்டங்களைவிடவும். பெயரைத் தூக்கிக்கொண்டார், ஆனால் ஆட மேடையும் இல்லை, போதிய ஆட்களும் இல்லை. இன்னும் மூன்று வருடம் கழித்து, 1950-இல்தான் மியாகோ ஒடோரி மறுபடி தொடங்கியது. அதுவும் சொந்த அரங்கில் நடத்த முடியாமல் ஷிஜோ தெருவிலிருக்கும் கபுகி அரங்கமான மினாமிசாவில். போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் பாட்டெழுதித் தந்தவர்களில் கவிஞர் யோஷீ இசாமு முக்கியமானவர். மியாகோ ஒடோரிக்கு ஒவ்வொரு வருடமும் பாட்டு புதிது, நடன அமைப்பும் புதிது. சம்பிரதாயம் என்றால் அதையே திருப்பித் திருப்பிச் செய்வது என்று நினைத்திருந்த எனக்கு இது ஓர் ஆச்சரியம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த நடன அமைப்பு வேலை நான்காம் யாச்சியோவின் பொறுப்பில் இருந்தது.

1955-இல் ஜப்பான் அரசு முதன்முறையாக 'வாழும் தேசியப் பொக்கிஷங்கள்' என்று நாம் சொல்கிற பட்டியலை அறிவித்தபோது, மண்பாண்டக் கலைஞர் ஹமாதா ஷோஜி போன்றவர்களோடு நான்காம் யாச்சியோவின் பெயரும் இருந்தது. பொக்கிஷம் என்பது வழக்கில் சொல்வது. சட்டத்தின் மொழியில் அது ஒரு கலையைக் கையில் வைத்திருப்பவர் என்ற அங்கீகாரம். இன்றைக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்டவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறார்கள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக. 1990-இல் ஜப்பானின் மிக உயர்ந்த பண்பாட்டு விருதும் வந்தது. விருதுகளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஆர்வமில்லை.

எழுத வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை இனிப்பாக முடித்துவிடலாம், ஆனால் நியாயமாக இருக்காது. இந்த ஆட்டம் யாருடைய உடம்பில் உயிரோடிருக்கிறது? கெய்கோக்கள் உடம்பில். (கியோட்டோவில் கெய்ஷா என்று சொல்வதில்லை, கெய்கோ, பயிற்சியில் இருக்கும் இளம்பெண் மாய்கோ.) அவர்கள் பாலியல் தொழிலாளிகள் அல்லர், அது வேறு தொழில். ஆனால் போருக்கு முந்தைய காலத்தில் ஏழைக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சின்னஞ்சிறு பெண்களை இந்த வீடுகளில் விட்டதும், அந்தக் கடன் தீரும்வரை அவர்கள் கட்டுண்டு கிடந்ததும் உண்மை. முதல் மியாகோ ஒடோரி நடந்த அதே 1872-இன் இலையுதிர்காலத்தில்தான், இப்படிக் கடனுக்குக் கட்டுப்பட்ட பெண்களை விடுவிக்கும் அரசாணையும் வந்தது. அதை ஒட்டித்தான் கியோனில் பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லித்தரும் பள்ளி ஒன்று முளைத்தது. அந்தப் பள்ளிதான் இன்று மாய்கோக்கள் ஆட்டமும் ஷாமிசெனும் தேநீர்ச் சடங்கும் கற்கும் இடம். எண்பது வயதுக் கெய்கோவும் அங்கே மாணவிதான், படிப்பு முடிந்தது என்று யாருக்கும் சான்றிதழ் தரமாட்டார்கள்.

இன்றைக்கு நடுநிலைப்பள்ளி முடித்து, 15 வயதில், பெண்கள் தாமாகவே விரும்பி வந்து சேர்கிறார்கள். தூர ஊர்களிலிருந்து, இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு. ஆனாலும் ஐந்தாறு வருடம் சம்பளமில்லை, வீட்டுச் செலவு உடைச் செலவெல்லாம் தங்கும் வீட்டுக்காரருடையது, இரவு விருந்துகளில் பணக்கார விருந்தினர்களுக்கு சாக்கே என்ற அரிசி மது ஊற்ற வேண்டும். அந்த விருந்து இல்லையென்றால் இந்த ஆட்டத்தை இத்தனை தலைமுறை தூக்கிச் சுமக்கப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? தெரிந்தேதான் நானும் டிக்கெட் வாங்கி (சரி, ஓசியில்) உட்கார்ந்தேன்.

மாய்கோ, கெய்கோவாக மாறப் போகும் அந்தச் சில நாட்களுக்குக் கொண்டையை வேறு மாதிரிக் கட்டி, பல்லுக்குக் கறுப்புப் பூசி, 'குரோகாமி' என்ற பாட்டுக்கு ஆடுவாள். கருங்கூந்தல் என்று பொருள். விட்டுப்போனவனை நினைத்து, பனி விழும் இரவில், ஒருத்தி தனியாகத் தலைவாரிக்கொள்வது. இதை நம் ஊர் ஆட்டத்தில் கொடுத்திருந்தால் கண்ணீர், பெருமூச்சு, சஞ்சாரி என்று அரைமணி நேரம் போயிருக்கும், எனக்கும் அதுதான் பிடித்திருக்கும். இங்கே முகம் சும்மா இருக்கிறது. தலை கொஞ்சம் சாய்கிறது, கை இல்லாத சீப்பைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இருபது வயதுப் பெண்ணிடம் இதைப் பார்த்தால் பொம்மை அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றும். நான்காம் யாச்சியோவின் முதுமைக்கால ஒளிப்பதிவுகளைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைப்பூச்சு இல்லை, அலங்காரக் கொண்டை இல்லை, கூனில்லாத ஒரு சின்னப் பாட்டி விசிறியோடு எழுந்து நிற்கிறார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அவர் தலையைத் திருப்பும் திசையில் நானும் திரும்பி, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று தேடினேன். மூன்று தடவை ரீவைண்ட் செய்தேன்.

அவருடைய மகன், ஒன்பதாம் கதயாமா குரோஎமோன், 2001-இல் நோ நடிப்புக்காகத் தேசியப் பொக்கிஷமானார். அந்த மகனின் மகள் மிச்சிகோ 1956-இல் பிறந்தவர், சிறு குழந்தையிலிருந்தே பாட்டிக்கு எதிரே நின்று ஆடக் கற்றவர். 2015-இல் அவரும் பொக்கிஷமானார். தாய், மகன், பேத்தி என்று மூவர். திறமை ரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்த வீட்டில் காலை எழுந்தால் காதில் விழுவதே 'சின், டொன், ஷான்' என்றால் வேறென்ன ஆவார்கள்?

2000-இல், 95 வயதில், நான்காமவர் யாச்சியோ என்ற பெயரைப் பேத்திக்குக் கொடுத்தார். சாகும்வரை வைத்திருந்திருக்கலாம், மூன்றாமவர் அப்படித்தான் வைத்திருந்தார், பிறகு ஒன்பது வருடம் பெயர் காலியாகக் கிடந்ததை இவர் பார்த்தவர். கொடுத்துவிட்டு, ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, மறுபடி இனோவே ஐகோ ஆனார். 2004 மார்ச்சில், 98 வயதில் இறந்தார். மியாகோ ஒடோரி தொடங்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 13-ஆம் தேதியும் கியோன் பெண்கள் எல்லோரும் ஆசிரியை வீட்டுக்குப் போவார்கள். புத்தாண்டு ஏற்பாடுகள் தொடங்கும் நாள் அது. மாணவிகள் கொண்டுவந்து வைத்த வட்ட அரிசி உருண்டைகள் படிப்படியாக அடுக்கியிருக்க, ஐந்தாம் யாச்சியோ உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருத்தியாக வந்து எதிரே மண்டியிட்டு வணங்குவாள். அவர் ஒரு புது விசிறியை நீட்டி 'ஒகிபாரியாசு' என்பார். நன்றாகப் பாடுபடு, அம்மா என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நகர்வாள், அடுத்தவள் வந்து உட்காருவாள்.